விளக்கு வைக்கிற நேரம்... பத்தே நிமிடம்!

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை மாதம் பிறந்ததும், வாசகியர் கடிதங்களில் ஒரே மாதிரியான வருத்தம் ஒன்று எட்டிப் பார்க்கும். வார்த்தைகள் மாறும், விஷயம் மாறாது. 'விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து லலிதா சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தேன். தீபாவளிப் பலகார வேலையில் நாலு நாள் விட்டுப்போனது. அதற்கப்புறம் உட்காரவே முடியவில்லை. பாதியில் நிறுத்தியது தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ?'

குற்றமா, இல்லையா என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தப் பயத்திலேயே நம் சகோதரிகள் பலர் புத்தகத்தை மூடி, பூஜை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த விஜயதசமி வரை அது இறங்குவதில்லை. சிலர் வீட்டில் இறங்குவதே இல்லை! பக்தி குறைந்ததால் இது நடப்பதில்லை. முதல் நாளே ஆயிரம் நாமத்தையும் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வதால் நடக்கிறது. பழகியவர்களுக்கே சுமார் அரை மணி நேரம் பிடிக்கும் பாராயணம் அது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பள்ளிக்கூட வேன், குக்கர் விசில், மாமியாரின் மாத்திரை என்று ஓடுகிற வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எத்தனை நாளைக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

சரி, என்னதான் செய்வது? அதற்கு ஒரு வழி குமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டு வீடுகளில் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது.

நடந்தே போகிறாள் கலைமகள்

விஜயதசமி பற்றிப் பேச்சு வந்ததால், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியை முதலில் தரிசித்துவிடுவோம். தக்கலை அருகே, திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனை வளாகத்தில் இருக்கிறது தேவாரக்கட்டு சரஸ்வதி கோயில். கம்பர் பூஜித்த திருமேனி இது என்பது ஐதீகம். சேர மன்னரிடம் அவர் ஒப்படைத்தாராம். ஆண்டுதோறும் நவராத்திரி நடத்துவதாக மன்னரும் வாக்குக் கொடுத்தாராம்.

தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆனாலும், கொடுத்த வாக்கு தவறவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரஸ்வதி தேவி யானை மீது புறப்படுகிறாள். வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் உடன் செல்கிறார்கள். மன்னரின் உடைவாள் முன்னே போகும். பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். இன்று காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், இந்த ஊர்வலம் மூன்று நாள் நடக்கிறது. முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல்; அடுத்த இரவு நெய்யாற்றின்கரையில்; மூன்றாம் நாள்தான் அனந்தபுரி. நாடு மாறி, ஆட்சி மாறி, 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து, நடுவில் மாநில எல்லையே வந்த பிறகும் இந்த நடை நிற்கவில்லை. களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துக் காவல்துறையினரும் மரியாதை செய்து அனுப்பும் காட்சி, காணக் கண் கோடி வேண்டும்!

ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம், இந்த இடத்தில் தங்கல் என்று அளந்து வைத்த பயணம் அது. அதே கணக்கைத்தான் இந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள்ளும் வைத்திருந்தார்கள்.

'மக்களே, கை கால் கழுவீட்டு வா!'

நாஞ்சில் நாட்டில் சாயங்காலத்துக்கு 'விளக்கு வைக்கிற நேரம்' என்றே பெயர். மணி பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சம் மங்கி, மாடு கொட்டிலுக்குத் திரும்பினால் ஆச்சிக்கு நேரம் தெரிந்துவிடும். 'மக்களே, கை கால் கழுவீட்டு வந்து இரி' என்று ஒரு குரல்தான். மகளானாலும் பேத்தியானாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையானாலும் 'மக்களே'தான்! நெற்றியில் திருநீறு பூசி, விளக்கின் முன்னால் பாய் விரித்து எல்லாப் பிள்ளைகளையும் உட்கார்த்திவிடுவார். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சில வீடுகளில் 'தீபம்... தீபம்...' என்று சொல்லிக்கொண்டே விளக்கைத் திண்ணைக்கு எடுத்து வருவதும் உண்டு. இருக்கிற வேலையை அப்படியே விட்டு எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

அப்புறம் நாமம் சொல்லுதல். சிவ நாமம், ராம நாமம், வீட்டில் யாருக்கு எது இஷ்டமோ அது. மலையாளத்தில் இதையே 'சந்தியா நாமம்' என்பார்கள். நாமத்தோடு நின்றுவிடாது. ஏழு கிழமை, பன்னிரண்டு மாதம், அசுவதி பரணி தொடங்கி 27 நட்சத்திரம், கடைசியில் வாய்ப்பாடு. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அவ்வளவுதான். 'போய்ப் படி' என்று எழுப்பிவிட்டு ஆச்சி அடுக்களைக்குப் போய்விடுவார்.

இந்தப் பத்து நிமிடத்தில் வளர்ந்தவர்களிடம் இன்று கேட்டுப் பாருங்கள். அறுபது வயதிலும் 27 நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் சொல்வார்கள். யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, பரீட்சை வைக்கவில்லை. தினமும் அதே பாய், அதே விளக்கு, அதே வரிசை. நாக்கு தானாகப் பழகிக்கொண்டது.

இதில் ஒரு சூட்சுமம் கவனித்தீர்களா? 'இன்றைக்கு உட்காரலாமா, வேண்டாமா' என்ற கேள்விக்கே இடம் இல்லை. விளக்கு எப்படியும் ஏற்றத்தான் போகிறோம். ஏற்றினால் உட்கார வேண்டும். முடிவெடுக்கிற வேலையை ஆச்சி விளக்கிடம் விட்டுவிட்டார்! நாம் என்ன செய்கிறோம்? 'வேலையெல்லாம் முடியட்டும், நிம்மதியாக உட்கார்ந்து சொல்லலாம்' என்கிறோம். வீட்டு வேலை என்றைக்கு முடிந்தது, சகோதரிகளே? ஆறரை மணிக்கு சீரியல் வேறு ஆரம்பித்துவிடுகிறது. (ஆச்சி காலத்தில் அது இல்லாதது அவருக்குப் பெரிய சௌகரியம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

41 நாளா, 48 நாளா, 66 நாளா?

நம் முன்னோர் ஒரு மண்டலம் என்று கணக்கு வைத்தார்கள். தமிழகத்தில் கும்பாபிஷேகம் முடிந்தால் மண்டலாபிஷேகம் 48 நாள். சபரிமலை விரதம் 41 நாள். இரண்டு வழக்கங்களும் கலந்து கிடக்கும் குமரி மாவட்டத்தில் இரண்டு கணக்கையும் கேட்கலாம்.

இதே விஷயத்தை லண்டனில் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. 96 பேரை 84 நாட்கள் கவனித்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது போல ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம். அதைத் தினமும் வழக்கமாக நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்தே செய்ய வேண்டும். அது யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? ஒருவருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது! நடுவாக எடுத்துக்கொண்டால் 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சி போன்ற கடினமானது அதிக நாள் எடுத்துக்கொண்டது.

நமக்கு இதில் இரண்டு ஆறுதல். மண்டலம் முடிந்தும் பழக்கம் ஒட்டவில்லையே என்று கலங்க வேண்டாம். 48 நாளோடு இன்னொரு 18 நாள் சேர்த்தால்தான் 66 வருகிறது! ஆகவே, ஒரு மண்டலம் முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததற்குள் போய்விடுங்கள். இரண்டாவது ஆறுதல் இன்னும் பெரிது. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்கும் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. தீபாவளிக்கு விட்டுப்போன ஒரு நாளை நினைத்துப் புத்தகத்தை அலமாரியில் ஏற்றிய நம் சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

'கோயிலில் நித்திய பூஜை ஒரு நாள்கூட நிற்பதில்லையே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுசீந்திரத்தையே பாருங்கள். இந்திரன் சாபம் நீங்கி 'சுசி', அதாவது தூய்மை, அடைந்த தலம். இன்றும் இரவில் இந்திரனே வந்து தாணுமாலயனுக்கு அர்த்தஜாம பூஜை செய்வதாக ஐதீகம். ஆகவே, இரவு பூஜைக்கு எல்லாம் எடுத்துவைத்து நடையைச் சாத்தும் அர்ச்சகர், மறுநாள் காலையில் நடை திறக்க மாட்டார்; வேறொருவர்தான் திறப்பார். உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறார்களாம். ஆக, அங்கேகூட ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. முறை வைத்துத்தான் நடக்கிறது. நம் வீட்டில் மட்டும் அம்மா ஒருத்தியே சுமக்க வேண்டுமா? நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் அந்தப் பத்து நிமிடத்தைக் கணவரிடமோ பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டுப் போங்களேன். ஒரு பாட்டு, ஒரு நாமம் போதும். விளக்கு வைக்கிற நேரம் அந்த வீட்டில் காலியாகப் போகாது.

மாதத்தில் அந்த மூன்று, நான்கு நாட்கள்? இது கடிதங்களில் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்வி. விளக்கேற்றுவதும் பூஜை அறைக்குள் போவதும் அவரவர் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும். மனதுக்குள் நாமம் சொல்வதற்குத் தடை இல்லை என்று பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான அதே நேரத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள். நேற்றுவரை படித்ததை மனதில் ஓட்டிப் பாருங்கள். செல்போனில் ஒலிக்கவிட்டுக் கேட்டாலும் சரி. பாட்டு வளராவிட்டாலும் பரவாயில்லை, நேரம் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

ஆடி ராமாயணமும் மார்கழித் திருப்பாவையும்

பெரிய நூலையே படிக்க ஆசைப்படுபவர்களுக்கும் குமரியில் ஒரு முன்மாதிரி உண்டு. மலையாள வழக்கம் உள்ள வீடுகளில், கர்க்கடக மாதம் (நம் ஆடி) பிறந்தால் எழுத்தச்சனின் 'அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு' புத்தகத்தைப் பலகையில் வைத்து, விளக்கேற்றிப் படிக்கத் தொடங்குவார்கள். மாதக் கடைசியில் பட்டாபிஷேகம் வந்துவிட வேண்டும். முழு ராமாயணத்தையும் நாள்வாரியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வெளியே மழை கொட்டும், வயல் வேலை இருக்காது. கிடைத்த ஓய்வை ராமனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஓர் அழகான வழக்கம்: சண்டை, மரணம், அழுகை வரும் இடத்தில் அன்றைய படிப்பை நிறுத்தக் கூடாது. நல்ல கட்டம் வந்ததும் நிறுத்த வேண்டும். மங்களத்துக்காகச் சொன்னதுதான். ஆனால், மனசு லேசாக எழுந்திருப்பதால் மறுநாள் உட்காரவும் ஆசை வருகிறது, பாருங்கள்! அலுத்துக் களைத்து, 'அப்பாடா, முடிந்தது' என்று புத்தகத்தை மூடினால் மறுநாள் கை அந்தப் பக்கம் நீளாது.

நமக்கோ ஆண்டாள் இதைவிடச் சுலபமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மார்கழிக்கு 30 பாசுரம், நாளுக்கு ஒன்று. எட்டு வரியைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். படிப்பே தெரியாத எத்தனையோ பாட்டிகளுக்குத் திருப்பாவை முழுவதும் மனப்பாடம் என்றால், ஆண்டுதோறும் இப்படிச் சொட்டுச் சொட்டாகக் காதில் விழுந்ததால்தானே?

108 நாள் கணக்கு

விஜயதசமியில் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு என்னுடைய சிபாரிசு, அபிராமி அந்தாதி. காரணம் சொல்கிறேன்.

அபிராமி பட்டர் அந்தாதி பாடியது தை அமாவாசை அன்று என்பது திருக்கடையூர் வரலாறு. திதியை மாற்றிச் சொன்னதற்காக மன்னர் கோபம் கொள்ள, 79-வது பாடலில் அன்னை தன் தோட்டை வீச, அது முழு நிலவாக ஒளிர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். விஜயதசமியில் இருந்து தை அமாவாசை வரை பஞ்சாங்கத்தில் எண்ணிப் பாருங்கள். 2025-ல் அக்டோபர் 2 விஜயதசமி. தை அமாவாசை 2026 ஜனவரி 18. சரியாக 108 நாள்! 2023-லும் அப்படியே: அக்டோபர் 24-ல் இருந்து 2024 பிப்ரவரி 9 வரை 108 நாள். சில ஆண்டுகளில் ஒரு நாள் கூடி 109 ஆகும்.

அந்தாதியில் பாடல்கள் 100. நாளுக்கு ஒன்று படித்தால், தை அமாவாசைக்குள் முடிந்து எட்டு நாள் மிச்சமும் இருக்கும். அந்த எட்டு நாள்தான் நமக்கு உயிர். காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம், தீபாவளிப் பலகாரம்... எல்லாவற்றுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விட்டுப்போன நாலு நாளையும் ஒரே நாளில் சேர்த்துப் படிக்கும் 'கடன் அடைக்கிற' வேலை மட்டும் வேண்டாம். அப்படித்தான் பத்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆகி, பழைய கதை மறுபடி ஆரம்பிக்கிறது. தை அமாவாசைக்கு முடியாமல் மாசி வரை நீண்டால் நீளட்டும். அபிராமி கணக்குப் பார்க்க மாட்டாள்.

படிக்கும் முறை இது. விளக்கேற்றியதும், முந்தைய மூன்று நாள் படித்த மூன்று பாடல்களை ஒருமுறை சொல்லுங்கள். பிறகு புதுப் பாடல். வேத பாடசாலைகளில் 'சந்தை' என்று ஒரு முறை உண்டு. குரு ஒருமுறை சொல்வார், சீடன் இருமுறை திருப்பிச் சொல்வான். நமக்குக் குருவாகப் புத்தகம் இருக்கிறது. ஒரு வரியைப் பார்த்து ஒருமுறை படியுங்கள். கண்ணை எடுத்துவிட்டு இருமுறை சொல்லுங்கள். நான்கு வரியும் இப்படியே. கடைசியில் முழுப் பாடல் ஒருமுறை. பத்து நிமிடம்கூட ஆகாது. மறுநாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் அதே பாடல் திரும்ப வந்துவிடுவதால், ஒவ்வொன்றும் நான்கு நாள் நாக்கில் உருளும்.

அந்தாதி என்பதால் இன்னொரு உதவியும் உண்டு. ஒரு பாடல் முடியும் சொல்லில்தான் அடுத்தது தொடங்கும். இன்றைய பாடலைச் சொல்லி முடித்தால், நாளைய பாடலின் முதல் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கும்! நூறாவது பாடல் முடியும் சொல்லோ முதல் பாடலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

நேரம் கிடைத்த நாளில் நாலைந்து பாடல் சேர்த்துப் படிக்க ஆசை வரும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஆசை மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிடுவது நல்லது. சாயங்காலம் வேலைக்குப் போய்த் திரும்பும் சகோதரிகள், 'எனக்கு விளக்கு வைக்கிற நேரம் பஸ்ஸில்தானே கழிகிறது?' என்று கேட்பது காதில் விழுகிறது. உங்களுக்குக் காலையில் பால் காய்ச்சும் நேரமோ, வாசலில் கோலம் போட்டு முடித்து உள்ளே வரும் நேரமோ விளக்காக இருக்கட்டும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால், குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையை எடுத்துக்கொள்ளலாம். பத்தே பாடல். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால்கூட இரண்டரை மாதத்தில் பிள்ளைகள் பாடிக் காட்டிவிடுவார்கள்.

தரிசிக்கச் செல்பவர்களுக்கு...

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் தக்கலை. அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வேளிமலை குமாரகோயிலும் தக்கலைக்குப் பக்கத்தில்தான். சுசீந்திரம், நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். 'நவராத்திரிக்குச் சரஸ்வதியைப் பார்க்கப் போகிறோம்' என்று அந்த நாட்களில் பத்மநாபபுரத்துக்குக் கிளம்பினால், அம்மாள் அங்கே இருக்க மாட்டாள். அப்போது திருவனந்தபுரத்தில்தான் கொலுவிருப்பாள். விஜயதசமி முடிந்து, ஒரு நாள் நல்லிருப்பு கழிந்து, வந்த வழியே மறுபடி ஊர் ஊராகத் தங்கித்தான் வீடு திரும்புவாள். அதற்கடுத்த வாரம் போனால் நிதானமாகத் தரிசிக்கலாம்.